மாராவை விட்டுவிட்டு ஓல் பெஜெட்டா போனது ஏன்

கென்யா போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி "மசாய் மாராவா?" என்றுதான் வரும். சஃபாரிக்குப் பேர்போன அந்த மாராவுக்குப் போகவே இல்லை என்றதும் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், திருப்பதி வரை போய் பெருமாளைச் சேவிக்காமல் லட்டு மட்டும் வாங்கி வந்தவளைப் பார்ப்பது மாதிரி. ஆபீசில் ஒவ்வொருத்தருக்காக விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன், இனிமேல் கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பினால் போச்சு.

நாங்கள் போனது ஓல் பெஜெட்டா. கென்யாவின் நடுவில் லைக்கிப்பியா என்கிற மேட்டு நிலத்தில், நன்யுகி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நைரோபியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அரசு நடத்துகிற தேசியப் பூங்கா கிடையாது. லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு நடத்தும் காண்டாமிருகச் சரணாலயம், கன்சர்வன்சி என்கிறார்கள். பரப்பு 90,000 ஏக்கர், கிட்டத்தட்ட 364 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சி மொத்தமும் சேர்த்து 426தான். 150க்கும் மேற்பட்ட கருப்புக் காண்டாமிருகங்கள் இருக்கின்றன, நாங்கள் போன சமயம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே இடத்தில் இவ்வளவு வேறெங்கும் இருக்கவில்லை. சுற்றிலும் மின்வேலி.

இந்த வேலிதான் என் கொழுந்தனாருக்கு உறுத்தல். "வேலி போட்டா அது காடா அண்ணி? வண்டலூரையே கொஞ்சம் பெருசா கட்டி வச்சிருக்கான், அதுக்கு ஃபிளைட் ஏறிப் போகணுமா?" என்றார். நக்கலாகத்தான் கேட்டார், ஆனாலும் கேள்வி நியாயமானது. அங்கே இருந்த நாளெல்லாம் இந்தக் கேள்வி என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏன் ரைனோ என்றால், 2018 மார்ச் 19 அன்று சூடான் என்ற காண்டாமிருகம் இறந்த செய்தி பேப்பரில் படத்தோடு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வடக்கு வெள்ளைக் காண்டாமிருக இனத்தின் கடைசி ஆண். அதன் மகளும் பேத்தியும் மட்டும்தான் இனி மிச்சம், இரண்டும் ஓல் பெஜெட்டாவில் இருக்கின்றன என்று போட்டிருந்தது. சூடான் படுத்திருக்க, காப்பாளர் ஒருவர் அதன் நெற்றியில் கை வைத்திருக்கும் படத்தை அப்பா வெட்டி டைரிக்குள் வைத்திருந்தார். எங்கள் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேப்பர் கட்டிங் எடுத்து வைப்பது அவருக்குப் பழக்கம், பெரும்பாலும் பென்ஷன் செய்திகளாக இருக்கும், அதற்கு நடுவில் இது ஒன்று.

தி.நகரில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். அந்தப் பையன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பி மாரா பேக்கேஜையே காட்டிக்கொண்டிருந்தான். ஓல் பெஜெட்டா என்றதும் "அங்க என்ன மேடம் இருக்கு, ரைனோதானே?" என்றான். ரைனோதான் தம்பி, அதுக்குத்தான் போறோம் என்று சொல்லிவிட்டு வந்து, கேம்ப்புக்கு நேராக மெயில் போட்டு நாங்களே புக் செய்துகொண்டோம். நாங்கள் என்றால் நானும் அப்பாவும். மகள் அப்போது பிளஸ் டூ, அவளுக்குத் துணையாக என் கணவர் வீட்டில். அம்மாவுக்கு முட்டி வலி. அப்பா மட்டும் எந்தச் சாக்கும் சொல்லாமல் புது ஷூ வாங்கிவிட்டார்.

கென்யா போக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்னால் போட வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையை அங்கே போகும்போது கேட்பதைவிட, திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டில் கேட்பதுதான் முக்கியம். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் உட்கார வைத்துவிடுவார்கள். நாங்கள் போனது 2023 பிப்ரவரியில், அப்போது இ-விசா. 2024 ஜனவரியிலிருந்து விசாவை எடுத்துவிட்டு ஆன்லைன் முன் அனுமதி என்று மாற்றிவிட்டார்கள். அப்புறம் இன்னொன்று, கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை, கடைக்காரருக்கு மட்டுமில்லை, கையில் வைத்திருக்கும் நமக்கும் சேர்த்துத்தான். அம்மா முறுக்கு, தட்டை, பருப்புப்பொடி எல்லாவற்றையும் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் டப்பாவுக்கு மாற்றி, டப்பாக்களை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனோம். நைரோபி ஏர்போர்ட்டில் அந்த மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு அப்பா நடந்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மும்பை வழியாக நைரோபி. அங்கிருந்து காரில் திக்கா ரோடு பிடித்து வடக்கே. நன்யுகியில் பூமத்திய ரேகை போர்டு இருக்கிறது, கட்டாயம் வண்டியை நிறுத்துவார்கள். ஓட்டை போட்ட குடுவையில் தண்ணீர் ஊற்றி, தீக்குச்சி மிதக்கவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வலமாகச் சுற்றும், அந்தப் பக்கம் இடமாகச் சுற்றும் என்று ஒருவர் காட்டுகிறார். உண்மையில் அவ்வளவு சின்னக் குடுவையில் பூமி சுழல்வதற்கும் தண்ணீர் சுழல்வதற்கும் சம்பந்தமே கிடையாது, ஊற்றுகிற விதத்தில்தான் இருக்கிறது வித்தை. அப்பா தீக்குச்சியைப் பார்க்காமல் அந்த ஆள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே காசு கொடுத்தார், "தொழில் சுத்தம்மா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

கேட்டுக்குள் நுழைந்ததும் காடு எதுவும் கிடையாது. மரம் அடர்ந்த, இருட்டான, முதுமலை மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள் புல், நடுநடுவே முள் மரம், கிழக்கே கென்யா மலை, 5,199 மீட்டர். காலை ஆறரைக்கு மலை துல்லியமாகத் தெரியும், பத்து மணிக்குள் மேகம் மூடிவிடும். நாங்கள் போனபோது அந்தப் புல்லும் இல்லை, வெறும் தரைதான் பாதி இடம். தொடர்ந்து ஐந்து பருவமழை பொய்த்திருந்த நேரம் அது. 2022 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் வறட்சியில் 205 யானைகளும் 49 கிரேவி வரிக்குதிரைகளும் செத்ததாக கென்ய அரசே கணக்குச் சொன்னது. கிரேவி வரிக்குதிரை உலகத்திலேயே சில ஆயிரம்தான் இருக்கிறது, அதில் 49 என்பது பெரிய அடி.

முதலில் பார்த்தது வெள்ளைக் காண்டாமிருகங்கள், தெற்கு வகை. ஒரு தாய், ஒரு குட்டி, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வெட்ட வெளியில் தலையைத் தரையோடு வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. அகல வாய், புல்லை அப்படியே வழித்து எடுக்கும். வண்டி பக்கத்தில் வந்ததற்கு அவை தலையைக்கூடத் தூக்கவில்லை. பல்லில் புல் அறுபடும் சத்தம், இஞ்சினை நிறுத்தியதும், அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

கருப்பு வகை அப்படியில்லை. புதருக்குள் இருக்கும், கோபக்காரன், தனியாகத் திரியும். மேல் உதடு கொக்கி மாதிரி நீண்டு, கிளையைப் பிடித்து இழுத்துக் கடிக்கும். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க நினைத்தால் நடக்காது, இரண்டுமே மண் நிறம்தான், எந்தச் சேற்றில் புரண்டதோ அந்தச் சேற்றின் நிறம். எங்கள் கைடு வித்தியாசத்தைக் காட்டிய விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இறங்க அனுமதியுள்ள ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, காய்ந்து கிடந்த சாணக் குவியலைக் குச்சியால் கிளறினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து போட்டு வைத்த குவியல், அதுதான் அவற்றுக்கு நோட்டீஸ் போர்டாம், யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று மோந்து பார்த்தே தெரிந்துகொள்ளுமாம். உள்ளே விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் குச்சிகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முனை சாய்வாக, கத்தியால் சீவியது மாதிரி, சரியாக 45 டிகிரியில் வெட்டுப்பட்டிருந்தது. கருப்பு ரைனோவின் கடி அப்படித்தான் இருக்குமாம். வெள்ளையின் சாணத்தில் வெறும் புல் நார், யானையுடையதில் குச்சி நசுங்கி நார் நாராக இருக்கும். அப்பா அந்தக் குச்சியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முனையை விரலால் தடவிப் பார்த்தார். "ஃபைல் போட்ட மாதிரி இருக்கு" என்றார். சாணத்திலிருந்து எடுத்த குச்சி அது, கை கழுவத் தண்ணீர் ஊற்றச் சொல்லி நான்தான் கத்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை புதருக்கு வெளியே ஒரு கருப்பு ஆண் நின்றது, முதுகில் ஆக்ஸ்பெக்கர் பறவைகள் இரண்டு. கைடு பைனாகுலர் வழியே அதன் காதைப் பார்த்து, ஏதோ கூட்டிக் கழித்து, நோட்டில் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டார். குட்டியாக இருக்கும்போதே மயக்க ஊசி போட்டுக் காது விளிம்பில் சின்னச் சின்ன வெட்டு போட்டுவிடுகிறார்கள், எந்தக் காதில் எந்த இடத்தில் வெட்டு என்பதை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நான் அப்பாவுக்கு இதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காதுகுத்து ஆயிடுச்சா? கடா விருந்து யார் போட்டது?" கைடுக்கு இதை ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. தாய்மாமன் மடி வரைக்கும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அன்றைக்கு முழுக்க அப்பாவை "ம்ஸே, ம்ஸே", அதாவது பெரியவரே, என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டு விஷயம் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு கருப்புக் காண்டாமிருகத்தையும் சில நாளைக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் நேரில் பார்த்துக் குறித்தாக வேண்டும். கண்ணில் படவில்லை என்றால் தேட ஆள் கிளம்பும். 1970 வாக்கில் கென்யாவில் மட்டும் 20,000 கருப்பு ரைனோ இருந்ததாகச் சொல்கிறார்கள், 80களின் கடைசியில் அது 400க்கும் கீழே போய்விட்டது. இருபது வருடத்தில் அவ்வளவும் கொம்புக்காகச் சுடப்பட்டது. கொம்பு என்பது கெரட்டின், நம் நகம் எதால் ஆனதோ அதேதான், அதில் ஒரு மருந்தும் கிடையாது. வியட்நாமிலும் சீனாவிலும் அதற்கு ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். மிஞ்சியவற்றைத் திறந்த வெளியில் விட்டுக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்த பிறகுதான் வேலி போட்ட சரணாலயங்கள் வந்தன. பக்கத்திலேயே இருக்கும் லேவா 1983ல் அப்படித் தொடங்கியதுதான். ஓல் பெஜெட்டாவில் 1988ல் 24,000 ஏக்கரை வேலி போட்டு ஆரம்பித்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் இந்த நிலம் என்னவாக இருந்தது தெரியுமா? மாட்டுப் பண்ணை. வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து கைமாறி கைமாறி, ஒரு கட்டத்தில் ஆயுத வியாபாரி அட்னான் கஷோகியிடம் இருந்தது. ஆமாம், 80களில் நம் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட அதே பெயர்தான். அவர் விடுமுறைக்கு வந்து தங்கிய பங்களா இன்னும் உள்ளே இருக்கிறது.

மாடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. இது எனக்குச் சுத்தமாக எதிர்பாராதது. போரான் என்று திமில் வைத்த மாட்டினம், ஆயிரக்கணக்கில், வரிக்குதிரைக்கும் காட்டெருமைக்கும் நடுவில் மேய்கிறது. ராத்திரி ஆனால் இரும்புச் சட்டங்களை இணைத்துக் கட்டிய பட்டிக்குள் அடைக்கிறார்கள், சிங்கம் நுழைய முடியாது. அந்தப் பட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், பழைய இடத்தில் சாண உரத்தில் நல்ல புல் முளைக்கிறது, அதை மான்கள் தேடி வந்து மேய்கின்றன. மாட்டுக்கு உண்ணி மருந்து அடிப்பதால், மாடு நடந்து போகிற வழியெல்லாம் உண்ணியைச் சேர்த்துக்கொண்டு போய்க் கொன்றுவிடுகிறது, மற்ற மிருகங்களுக்கும் உண்ணி குறைகிறது. கைடு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் இரும்புச் சட்டத்தின் வெல்டிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வேலியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வடக்குப் பக்கம் மூன்று இடங்களில் வேலியே கிடையாது, அதற்குப் பதிலாக முழங்கால் உயரத்துக்குத் தூண்கள் நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறார்கள். யானை காலைத் தூக்கி வைத்துத் தாண்டிவிடும். வரிக்குதிரை, சிங்கம், மான் எல்லாம் இடுக்கில் புகுந்து போய்விடும். காண்டாமிருகத்தால் காலை அவ்வளவு உயரம் தூக்கவும் முடியாது, உடம்பை இடுக்கில் நுழைக்கவும் முடியாது. ஆக, எல்லாருக்கும் வழி உண்டு, அதற்கு மட்டும் கிடையாது. கொழுந்தனாரே, வண்டலூரில் இப்படி ஒரு கதவு உண்டா?

கேம்ப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டென்ட் என்பது பேர்தான், உள்ளே கட்டில், பாத்ரூம், சுடுதண்ணி எல்லாம் உண்டு. சாப்பாட்டில் சைவத்துக்குக் குறையே இல்லை, சப்பாத்தி அங்கே வீட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது, சுகுமா விக்கி என்று ஒரு கீரைப் பொரியல், உகாலி என்கிற மக்காச்சோளக் களி. அம்மாவின் பருப்புப்பொடியை உகாலி மேல் தூவி அப்பா ஒரு புது ஐட்டம் கண்டுபிடித்தார். பூமத்திய ரேகை மேல் இருக்கிறோம், வெயில் கொளுத்தும் என்று நினைக்காதீர்கள், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர், கொடைக்கானலில் சாயங்காலம் எப்படியோ அப்படி. ராத்திரி படுக்கைக்குள் சுடுதண்ணி ரப்பர் பை வைத்துவிட்டுப் போவார்கள். சொல்லாமல் வைத்துவிட்டார்கள். போர்வைக்குள் கால் நீட்டியதும் வெதுவெதுவென்று ஏதோ மெத்தென்று பட, அப்பா கட்டிலை விட்டுக் குதித்து வெளியே வந்துவிட்டார், காட்டு மிருகம் ஏதோ உள்ளே புகுந்து படுத்திருக்கிறது என்று.

டென்டுக்கு எதிரே தண்ணீர்க் குட்டை. ராத்திரி மங்கலாக ஒரு விளக்கு. வறட்சி என்பதால் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். யானைக் கூட்டம் குடித்து முடிக்கும் வரை ஒரு கருப்பு ரைனோ ஓரமாக நின்றது, பொறுமை போய் உஸ்ஸென்று மூச்சு விட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தது, பெரிய யானை ஒன்று காதை விரித்ததும் மறுபடி பின்னால் போனது. தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு நின்று பழக்கப்பட்ட எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள கைடு தேவைப்படவில்லை. 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்கள் யாருக்கும் தேவைப்படாது.

பராக்கா என்று ஒரு கருப்பு ஆண் அப்போது இருந்தது. இன்னொரு ரைனோவோடு போட்ட சண்டையில் ஒரு கண் போனது, மறு கண்ணில் புரை விழுந்து அதுவும் போனது. வெளியே விட்டால் பிழைக்காது என்று தனி அடைப்பில் வைத்திருந்தார்கள். மேடை மாதிரி கட்டியிருந்ததில் ஏறி நின்று தீவனம் நீட்டினால் வந்து வாங்கிக்கொண்டது. அந்த மேல் உதடு இருக்கிறதே, அதைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். கண் தெரியாததால் உதடுதான் தேடுகிறது. முனை மட்டும் தனியாக நீண்டு, இடம் வலம் அசைந்து, என் விரலைத் தொட்டு, இது தீவனம் இல்லை என்று விலகி, அடுத்ததைச் சுருட்டி எடுத்தது. ஈரமாகவும் இல்லை, சொரசொரப்பாகவும் இல்லை, வெதுவெதுப்பான தோல். ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட எடை, ஆனால் என் விரல் நகத்தில்கூட ஒரு கீறல் இல்லை.

அப்புறம் சூடானின் மகள் நஜின், பேத்தி ஃபாட்டு. இதற்குத் தனியாகக் கட்டணம், குறிப்பிட்ட நேரம்தான், ஆள் எண்ணிக்கையும் குறைவு. நஜின் 1989ல் பிறந்தது, அதன் மகள் ஃபாட்டு 2000ல். இரண்டும் பிறந்தது ஆப்பிரிக்காவில் இல்லை, செக் நாட்டில் ட்வூர் க்ராலோவே என்ற ஊரின் ஜூவில். சொந்த மண்ணுக்கு வந்தால் ஒருவேளை இனம் பெருகும் என்று 2009 டிசம்பரில் சூடான், சுனி என்ற இரண்டு ஆண்களோடு இங்கே கொண்டுவந்தார்கள். குட்டி எதுவும் பிறக்கவில்லை. 2014ல் சுனி போனது, 2018ல் சூடான். காட்டில் கடைசியாக இவை இருந்த இடம் காங்கோவின் கரம்பா தேசியப் பூங்கா. அங்கே 2003ல்கூட முப்பது வரை இருந்திருக்கின்றன. நாலைந்து வருடத்துக்குள் அதுவும் முடிந்தது, நோயால் இல்லை, துப்பாக்கியால்.

பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், முந்தின நாள் பார்த்த தெற்கு வெள்ளைகளுக்கும் இவற்றுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. காதில் முடி கொஞ்சம் அதிகம் என்றார்கள். கொம்பு நுனியை அறுத்து மழுங்க விட்டிருந்தார்கள், திருடன் வந்தாலும் லாபம் குறைவாக இருக்கட்டும் என்று. நஜினுக்குப் பின்னங்கால் பலமில்லை, எழுந்திருக்கும்போது தெரிந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு காவலர்கள், 24 மணி நேரமும். அப்பா சூடானின் கட்டிங்கைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார், எனக்கே தெரியாது. ஒரு காப்பாளரிடம் நீட்டினார். அவர் வாங்கி, அதில் என்ன மொழி என்று கேட்டு, தமிழ் என்றதும் செய்தியை முழுதாகப் படித்துக் காட்டச் சொன்னார். அப்பா வரிக்கு வரி படிக்க, நான் வரிக்கு வரி மொழிபெயர்க்க, அவர் நடுவில் ஒரு தகவலை, இல்லை அது அப்படி நடக்கவில்லை என்று திருத்தினார்.

இரண்டாலுமே வயிற்றில் சுமக்க முடியாது. அதனால் 2019 ஆகஸ்டிலிருந்து மயக்கம் கொடுத்துக் கருமுட்டை எடுக்கிறார்கள், இத்தாலியில் க்ரெமோனா என்ற ஊர் லேபுக்கு விமானத்தில் அனுப்பி, உறைய வைத்திருக்கும் விந்தணுவோடு சேர்த்துக் கரு உண்டாக்கி, திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறார்கள். வயதும் உடல்நிலையும் பார்த்து 2021ல் நஜினை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஃபாட்டு மட்டும்தான். கருவைச் சுமக்கப் போவது தெற்கு வகை வாடகைத் தாய். சென்னையில் தடுக்கி விழுந்தால் ஒரு கருத்தரிப்பு மையம், எனக்கு எதுவும் புதிதில்லை, ஆனாலும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் விலாவாரியாக இதை விளக்க, நாங்கள் இரண்டு பேரும் கென்யா மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2024 ஜனவரியில் ஒரு செய்தி. 2023 செப்டம்பரில் ஓல் பெஜெட்டாவில் ஒரு வாடகைத் தாய்க்கு, சோதனை முயற்சியாக, தெற்கு வகைக் கருவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பிடித்துவிட்டது. உலகத்தில் முதல்முறை. ஆனால் அந்த வருடக் கடைசியில் கொட்டிய பேய்மழையில் மண்ணில் கிடந்த கிருமி கிளம்பி, தொற்று வந்து தாய் செத்துவிட்டது. உள்ளே 70 நாள் ஆண் சிசு, 6.4 சென்டிமீட்டர். நாங்கள் போனபோது ஒரு சொட்டு மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்த அதே மண்.

இரண்டே இரண்டு மிருகத்துக்காக இவ்வளவு செலவா, அந்தப் பணத்தில் இருக்கிற இனங்களைக் காப்பாற்றலாமே என்று கேட்கிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். எனக்கும் பாதி மனசு அந்தப் பக்கம்தான். காசிரங்காவில் 2022 கணக்குப்படி 2,613 காண்டாமிருகம் இருக்கிறது, அதற்கு யாரும் டெஸ்ட் ட்யூப் நீட்டவில்லை, காவலுக்கு ஆள் போட்டார்கள், தப்பு செய்தவனைப் பிடித்தார்கள், பெருகியது. கென்யாவிலும் அதேதான் வேலை செய்திருக்கிறது, 2020ல் நாடு முழுக்க ஒரு ரைனோகூடத் திருட்டு வேட்டைக்குப் பலியாகவில்லை. அதே 2020ல் கொரோனாவால் டூரிஸ்ட் வரத்து நின்றது, வருமானம் படுத்தது, ஆனாலும் காவலை ஒரு ராத்திரி நிறுத்த முடியுமா? ரேஞ்சர் சம்பளம், மோப்ப நாய், வண்டிக்கு டீசல், எல்லாம் நாங்கள் கட்டின நுழைவுக் கட்டணத்திலிருந்தும், மாட்டு விற்பனையிலிருந்தும், நன்கொடையிலிருந்தும்தான் வர வேண்டும். நுழைவுக் கட்டணம் டாலரில், ஒரு நாளுக்கு ஒரு ஆளுக்குப் பல ஆயிரம் ரூபாய். முதலில் வயிற்றைக் கலக்கியது, எங்கே போகிறது என்று பார்த்த பிறகு கலக்கவில்லை.

சரி, கொழுந்தனார் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் ரைனோவிடம் கிடைக்கவில்லை, எறும்பிடம் கிடைத்தது. அங்கே பெரும்பாலும் ஒரே வகை முள் மரம். கிளையில் நெல்லிக்காய் அளவு உருண்டை உருண்டையாகப் புடைப்பு, அதில் ஓட்டைகள், காற்றடித்தால் விசில் அடிக்கும். உள்ளே எறும்புகள் குடியிருக்கின்றன. கைடு ஒரு உருண்டையைச் சுண்டினார், கறுப்பாகப் பொலபொலவென்று வெளியே வந்து கிளை முழுக்கப் பரவிவிட்டன. யானை கிளையில் வாய் வைத்தால் தும்பிக்கைக்குள் ஏறிக் கடிக்கும், அதனால் யானை இந்த மரத்தை விட்டுவிடும். இப்போது கப்பலேறி வந்த பெரிய தலை எறும்பு என்று ஒரு வந்தேறி, இந்தக் காவல் எறும்பைக் கொன்று தின்றுகொண்டே பரவுகிறது. காவல் போனதும் யானை மரத்தை முறிக்கிறது. மரம் குறைந்ததும் வெட்ட வெளி. வெட்ட வெளியில் சிங்கம் ஒளிய இடமில்லை, வரிக்குதிரை தூரத்திலேயே பார்த்து ஓடிவிடுகிறது, சிங்கம் வேறு வழியில்லாமல் காட்டெருமை மேல் பாய ஆரம்பித்திருக்கிறது. இதை ஓல் பெஜெட்டாவிலேயே பல வருடம் ஆராய்ந்து, 2024ல் சயன்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒரு எறும்பு மாறினால் சிங்கத்தின் சாப்பாடு மாறுகிற இடத்தை நான் காடு என்றுதான் சொல்லுவேன், வேலி இருந்தாலும். "எறும்பைப் பார்க்கவா போனீங்க" என்றார் கொழுந்தனார். ஆமாம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

போகிறவர்களுக்கு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழைக் காலம், பாதை சேறாகிவிடும், அதைத் தவிருங்கள். ஜனவரி பிப்ரவரி நல்லது, ஜூன் முதல் செப்டம்பரும் நல்லது. ஸ்வெட்டர் கட்டாயம், காலை டிரைவுக்குக் குல்லாவும். வயதானவர்களைக் கூட்டிப் போனால் ஜீப்பில் முன் சீட் கேளுங்கள், பின்னால் இடுப்பு போய்விடும். சிம்பன்சி சரணாலயம் ஒன்று உள்ளேயே இருக்கிறது, 1993ல் புருண்டி சண்டையிலிருந்து தப்ப வைத்துக் கொண்டுவந்த குட்டிகளுக்காக ஆரம்பித்தது. ரைனோ பார்த்த கையோடு அதையும் ஒரு நடை பாருங்கள், அப்பாவுக்கு அதுதான் அலுப்பாக இருந்தது, எனக்கு இல்லை. நைட் டிரைவ் அரசுப் பூங்காக்களில் கிடையாது, இங்கே உண்டு. ஆனால் புக் செய்யும்போதே சொல்லி வையுங்கள், அன்றைக்கு மதியம் போய்க் கேட்டால் வண்டியில் இடம் இருக்காது.